ஐந்து மைல் என்று சொன்ன தூரம்

விருத்தாசலம்
26-1-1971

அன்புள்ள நீலாவதிக்கு,

24-1-1971, ஞாயிறு. காலை 6.10க்கு விசில் ஊதினேன். ஓடிய பெண்கள் 43 பேர். ஒரு மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 19. கெடு முடிந்ததும் கோட்டில் கயிறு கட்டி, பிந்தி வந்த மீதி 24 பேரை நிறுத்தி நேரம் குறித்தேன். அதில் நீயும் ஒருத்தி, 64 நிமிடம்.

"அஞ்சு மைலுக்கே மூச்சு பத்தலைன்னா அடுப்படியே மேல்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கல்யாணமான எட்டு மாதத்தில் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது அன்றுதான்.

இன்று நோட்டைப் புரட்டினேன். தப்பு என்னுடையது. நீ அளந்து தரச் சொன்னது ஐந்து மைல். சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏழு அடி. ஆக 3771 சுற்று. நான் 4242 சுற்று உருட்டிக் கோடு போட்டிருக்கிறேன். இங்கே பீங்கான் சூளையில் மண் சுருங்கும். அதனால் எந்த அச்சானாலும் எட்டில் ஒரு பங்கு கூட்டித்தான் வெட்டுவோம். தினமும் அதே கணக்குப் போடுகிற கை, சாலைக்கும் கூட்டிவிட்டது. சாலை சுருங்காது.

அரை மைலுக்கு மேல் அதிகம் ஓடியிருக்கிறீர்கள். சரியான தூரமென்றால் நீ 57 நிமிடம். நிறுத்தப்பட்ட 24 பேரில் 21 பேர் உண்மையில் நேரத்துக்குள் வந்தவர்கள். பட்டியல் இணைத்திருக்கிறேன். பெரிய டீச்சரிடம் காட்டு.

டிரில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு இங்கே வரும்படி டிசம்பரில் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு
தேவநாதன்

கடலூர்
29-1-1971

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

பட்டியல் வந்தது. யாரிடமும் காட்டவில்லை.

பிள்ளைகளைத் தனியாகக் கடற்கரை ரோட்டில் ஓட விடமாட்டோம் என்று அம்மாக்கள் சொன்னபோது, "அப்ப நீங்களும் கூட ஓடி வாங்களேன்" என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். பத்தே நாளில் மீன் விற்கிற பாஞ்சாலை அக்கா, ஆஸ்பத்திரி நர்சுகள் என்று ஊரே சேர்ந்துவிட்டது. இனி வருஷா வருஷம் தையில் ஓடணும் என்று பேசி வைத்திருந்தோம். இப்போது பெரிய டீச்சர், "உங்க வூட்டுக்காரரே சொல்லிட்டாரு, இத்தோட போதும்மா" என்கிறார்.

பாஞ்சாலை அக்கா வழியில் மடக்கினார். "மீன் கூடையோட ஓடுற எனக்கே மூச்சு பத்தலையாமே. உங்க வூட்டுக்காரரு ஒருநாள் கூடையத் தூக்கிப் பாக்கட்டும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எம்பொண்ணு பாத்துக்கிட்டு நின்னுச்சி டீச்சர்" என்றார்.

தூரம் தப்பானதில் எனக்குக் கோபமில்லை. நான் கயிற்றருகே வந்தபோது நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. காலில் கிளிஞ்சல் கிழித்து ரத்தம் வந்ததுகூட உங்களுக்குத் தெரியாது.

பேசியது எல்லார் முன்னாலும். திருத்தம் மட்டும் கவருக்குள் எனக்கா? நேரில் வந்து அவர்களிடம் சொல்லுங்கள். அதுவரை டிசம்பர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள்
நீலாவதி

விருத்தாசலம்
1-2-1971

அன்புள்ள நீலா,

கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

மேஸ்திரி நல்லமுத்துவிடம் ரெண்டு நாள் லீவு கேட்டேன். "பொண்டாட்டி கோவமா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ரெண்டு நாளு பத்தாதே தம்பி" என்றார்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. இனி செய்யப்போவது இவை:

1. சனிக்கிழமை மதியம் ரயிலில் கடலூர் வருவேன்.

2. அன்றே சாலையில் நான் போட்ட கோட்டை அழித்துச் சரியான இடத்தில் போடுவேன். இந்தத் தடவை நீ கூட நின்று எண்ணு.

3. ஞாயிறு காலை அந்த 24 பேர் முன்னால் நின்று, அளந்ததும் தப்பு, பேசியதும் தப்பு என்று சொல்வேன். பாஞ்சாலை அக்காவின் பெண்ணும் இருக்க வேண்டும். அழைத்து வரச் சொல்.

4. பெரிய டீச்சரிடம் அடுத்த தைக்கு நானே போய் அனுமதி கேட்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன்.

5. வேலையை விடச் சொல்லி இனிமேல் எழுதமாட்டேன். ஞாயிறுதோறும் நான் வருகிறேன்.

6. அடுத்த தையில் நானும் ஓடுவேன். பாலிடெக்னிக் முடித்த பிறகு நான் ஓடியதே இல்லை. நீ நிற்காமல் போ. பின்னால் வந்து சேர்ந்துவிடுவேன்.

உன்
தேவநாதன்