பச்சையும் ரோஸும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று குருவியின் காருக்கு நான் வைத்தியம் பார்த்தேன். குருவி என்றால் என் தங்கை மகள். நர்ஸ். சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறாள். பதினைந்தாம் தேதி அதைத் தனியாக ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரப் போகிறாள். தங்கைக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "அண்ணன் பார்த்துட்டு வண்டி நல்லாயிருக்குன்னு சொன்னா போ. இல்லைன்னா வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஆக, இந்த வீட்டுக்கு உச்ச நீதிமன்றம் நான்தான்.

பானெட்டைத் தூக்கியதும் இஞ்சின் எனக்கு வணக்கம் சொல்லிற்று. இஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் திரவம் டப்பாவில் அளவு குறைந்திருந்தது. உள்ளே இருந்தது ரோஸ் கலர். கடையில் கிடைத்தது பச்சை. கடைக்காரர், "உள்ள இருக்கிறது என்ன வகைன்னு பாத்தீங்களா சார்? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேராது" என்று இழுத்தார். யாரிடம்? லாரிக் கம்பெனியே நடத்திய என்னிடமா? "கலர் வெறும் சாயம்யா, உள்ள எல்லாம் ஒண்ணுதான்" என்று வாயை அடைத்தேன்.

விளிம்பு வரை ஊற்றினேன். தெருவே கூடி நின்று பார்த்தது. சரி, எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் பார்த்தார்.

"வண்டி பாஸ்" என்று தீர்ப்புச் சொன்னேன். குருவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தங்கை டீ கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை தூக்கலாக.

மார்ச் 5, வியாழன்

கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். "அண்ணே, ரெண்டு கலர் ஊத்தினீங்களே, அது என்ன கணக்கு?"

வாய் சும்மா இருக்குமா? "ரெண்டு வகை சேர்ந்தா ரெண்டு மடங்கு குளிர்ச்சி. பெரிய கம்பெனிக்காரன் வெளிய சொல்லமாட்டான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உண்மை மாதிரி இருந்தது. தன் வண்டிக்கும் அதே கலவை வேண்டுமாம். அடுத்த வாரம் என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

சும்மா பெருமைக்குப் பார்க்கலாம் என்று டப்பா மூடியைத் திறந்தேன்.

பச்சையும் இல்லை, ரோஸும் இல்லை. பழுப்பு. ஷூ பாலிஷில் தண்ணீர் விட்டுப் பிசைந்தது போல. ஒரு குச்சியை விட்டேன். நட்டமாக நின்றது. இல்லை, நிற்கவில்லை. ஆனால் விழுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தது.

மூடிவிட்டேன். ஜன்னலில் இருந்து தங்கை, "என்னண்ணே, எல்லாம் சரிதானே?" என்றாள்.

"ராஜா மாதிரி இருக்கு" என்றேன்.

மார்ச் 9, திங்கள்

குச்சியை ஒரு காகிதத்தில் சுற்றி, இரண்டு தெரு தள்ளி இருக்கிற மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலை?"

"என் மச்சான்" என்றேன். தங்கை புருஷன்தான். போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பாவம், அங்கே போயும் என் பழியைச் சுமக்கிறார்.

ஊருக்குள் மெதுவாக ஓடினால் தெரியாதாம். மலை ஏறினால் பாதியில் கொதித்துவிடுமாம். இஞ்சினே போகலாமாம். "வண்டியைக் கொண்டாங்க. ரேடியேட்டரைக் கழட்டி மொத்தமா கழுவணும். ரெண்டு நாள் விட்டுடுங்க."

வண்டியை எப்படிக் கொண்டுவருவது? சாவி குருவியிடம். தினமும் அதில்தான் டூட்டிக்குப் போகிறாள். என்ன சொல்லி வாங்குவேன்?

சொன்னால் தங்கை, "பாத்தியா, பழைய வண்டி வேண்டாம்னு சொன்னேனே" என்று அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிடுவாள். இந்த வேலைக்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள்! சொல்லாவிட்டால் மலையில், வளைவில், தனியாக —

வேண்டாம். எழுத வேண்டாம்.

மார்ச் 10, செவ்வாய்

தலைவலி என்று மாடி அறையிலேயே கிடந்தேன். கீழே தங்கை யாரிடமோ போனில் பேசுகிறாள். "எங்கண்ணன் பார்த்துட்டாருல்ல, இனி எனக்குக் கவலையில்ல." தரை வழியாக ஒவ்வொரு சொல்லும் மேலே வருகிறது. இந்த அறைக்கு ஒரே கதவு. அதைத் திறந்தால் படி. படி இறங்கினால் அவள்.

வாசலில் கண்ணாடிக் கடைக்காரர் கூப்பிடுகிறார், கையில் பச்சைப் பாட்டிலோடு. ஐயா, போய்த் தொலையுமேன்யா.

மார்ச் 11, புதன்

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

"பழகிக்கணும், கூட வாங்க மாமா" என்று குருவி இழுத்துப் போனாள். பாலத்தின் நடுவில் ட்ராஃபிக் ஜாம். முன்னே லாரி, பின்னே பஸ், இரண்டு பக்கமும் சுவர். இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏற ஆரம்பித்தது. பாதி. பாதிக்கு மேல். நான் அதையே பார்க்கிறேன், அவள் என்னையே பார்க்கிறாள்.

"ஹீட்டரைப் போடும்மா. ஃபுல்லா."

"மாமா, வெயில் மண்டையப் பொளக்குது!"

"வேர்த்தா உடம்புக்கு நல்லது."

போட்டாள். அனல் முகத்தில் அடித்தது. முள் கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறியது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து ஓடலாம் என்றால் பாலத்துச் சுவர் இடிக்கிறது.

"மாமா. வண்டில என்ன பண்ணீங்க?"

சொல்லிட்டேன். எல்லாத்தையும். கூலண்ட் கடைக்காரர் எச்சரிச்சது, குச்சி, மச்சான் மேல பழி போட்டது, எல்லாத்தையும். என் வாய் என்னைக் கேக்காமலே பேசிடுச்சு.

அவள் இஞ்சினை அணைத்தாள். பின்னால் பஸ்காரன் ஹாரனைக் கிழித்தான். அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அந்த லாரிக் கம்பெனி?"

"கம்பெனி இருந்துச்சு. நான் அதோட வாசல் கேட்டுல உக்காந்து டோக்கன் குடுத்தேன். ஹீட்டர் போட்டா இஞ்சின் சூடு குறையும்ங்கிறது மட்டும் டிரைவருங்க சொல்லிக் கேட்டது. அது நெஜம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் மலைல நின்னிருப்பேன் மாமா" என்றாள். அவ்வளவுதான். வண்டியை ஆறவைத்து ஆறவைத்து, உருட்டிக்கொண்டு வந்தோம். இறங்கும்போது சொன்னாள்: "அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

மார்ச் 12, வியாழன்

சொன்னேன். அடுப்படி வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு. "வண்டி நல்ல வண்டி. கெடுத்தது நான். கழுவினா சரியாயிடும். என்னால அந்தப் புள்ளைய நிறுத்திடாத."

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை ராஜா மாதிரி இருக்குன்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நல்லாயிருக்கிற எதையும் நீ ராஜான்னு சொல்லமாட்டியே. வருவே, சொல்லுவேன்னு காத்திருந்தேன். உன் காதுல விழட்டும்னுதான் போன்ல அப்படிப் பேசினேன். நீ மேல போய்ப் படுத்துக்கிட்டே."

"இப்ப சொல்லிட்டேன்ல?"

"அவ உயிருண்ணே."

அவள் வெட்டிய வெங்காயத்தின் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். பிறகு அவளே, "மெக்கானிக் வாயால கேக்கணும். உன் வாயால இல்ல" என்றாள்.

மூன்று பேருமாக வண்டியைக் கொண்டுபோய் விட்டோம். "மச்சான் வரலியா?" என்று மெக்கானிக் கேட்டார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

குருவி கிளம்பிவிட்டாள். மெக்கானிக் தங்கையை வண்டியில் உட்கார வைத்து மேம்பாலத்தில் ஏற்றி இறக்கிக் காட்டினாராம். என்னைக் கூப்பிடவில்லை.

நாள் முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். குருவியிடமிருந்து செய்தி தங்கையின் போனுக்குத்தான் வந்தது. மலை உச்சியில் நிறுத்தி, முள் நடுவில் இருக்கிறது என்று படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். தங்கை போனை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். படத்துக்குக் கீழே ஒரு வரி: 'மாமாகிட்ட காட்டுங்க.'

மார்ச் 17, செவ்வாய்

கண்ணாடிக் கடைக்காரர் பிடித்துவிட்டார். அவர் வண்டியின் பானெட்டே திறந்து கிடந்தது. பச்சைப் பாட்டில் தயார். தெருவில் நாலு பேர்.

"சொல்லுங்கண்ணே, எவ்வளவு ஊத்தணும்?"

"எனக்குத் தெரியாது" என்றேன். "உள்ள என்ன வகை இருக்குன்னு மெக்கானிக்கைக் கேட்டுட்டு ஊத்துங்க."

நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள். இந்தத் தெருவில் இதுவரை யாருமே 'தெரியாது' என்று இவ்வளவு கம்பீரமாகச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மேஜைமேல் டீ இருந்தது. சர்க்கரை அளவாகத்தான் இருந்தது.