மாறன் விழுந்த வளைவு

என்னங்க,

எழுப்பினால் மறுபடியும் பேச்சு வளரும் என்று சொல்லாமல் கிளம்பிவிட்டேன். தம்பி மாறனோடு பைக்கில் போன கூட்டம் இந்த வாரமும் கொல்லிமலை போகிறது. சினேகா வண்டியில் பின்னால் உட்கார்ந்து நானும் போகிறேன். அவன் விழுந்த வளைவில் மாலை போட்டுவிட்டு, நாளை சாயங்காலம் வந்துவிடுவேன்.

"செத்தவன் திரும்பி வந்துடப் போறானா?" என்று நேற்று கேட்டீர்கள். வரமாட்டான். ஆனால் அன்றைக்கு அவனுக்குப் பின்னால் வந்தவள் சினேகாதான். "அண்ணன் மெதுவாத்தான் போனாரு, அக்கா. லாரிதான் இந்தப் பக்கம் ஏறி வந்துடுச்சு" என்கிறாள். அந்த இடத்தை ஒருமுறை என் கண்ணால் பார்க்கவேண்டும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மதியம் அம்மா வருகிறாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போய்விடாதீர்கள். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. உங்கள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன்.

எழில்

அம்மாவுக்குச் சாதம் கொஞ்சம் குழைய வேண்டும்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். துக்கத்துக்கு வந்தவர்கள் எதிரில் "வேகமா போனான், போய்ட்டான்" என்று சொன்னீர்கள். அம்மா இன்னும் அதையே சொல்லித்தான் அழுகிறாள். இன்றைக்கும் அழுதால், அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை பொய் சொல்லமாட்டார் என்கிறாள்.