பலாமரத்துச் சிவப்பு ரிப்பன்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆற்றோரப் பலாமரத்தில் நான் கட்டிய சிவப்பு ரிப்பன் நேர்த்திக்கடன் இல்லை. இதை எத்தனை தடவைதான் சொல்வது? அந்த மரத்தில் ஒட்டி வளரும், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் காட்டு ஓர்கிட் செடிகள் ஒரே இனமா, இரண்டு இனமா என்று பார்க்கிறேன். இலையிலிருந்து எடுத்த மரபணு இரண்டு என்கிறது. பூவையும் அளந்து பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். எந்தச் செடியில் இலை எடுத்தேன் என்ற அடையாளத்துக்குத்தான் ரிப்பன்.

நேற்று கஹவத்தையில் பஸ் ஏறி வந்து பார்த்தால் ஒரு பூ இல்லை! எல்லாம் மரத்தடியில் மஞ்சள் பூசி வைத்த கல்லுக்கு மாலையாகிவிட்டது. கிளை முழுக்கத் துணித் தொட்டில்கள். சர்ச்சுக்குப் போகிற மேர்சி அக்காவும் மருமகளுக்காக ஒன்று கட்டியிருக்கிறார். கேட்டால், "ஒங்கம்மாதான் புள்ள மொதல்ல கட்டுனாங்க. அதப் பாத்துத்தான் நாங்களும் கட்டுனோம்" என்கிறார்.

யாருக்காக என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கும் வராமல் திரும்பிவிட்டேன். ஃபோனில் நீங்களும் அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம். டாக்டர் சொன்னதை நானும் அவரும் கேட்டுவிட்டு வந்தாயிற்று.

இனி அடுத்த வருஷம் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். தொட்டில்களை அவிழ்த்து, வேறு மரத்தில் கட்டச் சொல்லி மேர்சி அக்காவிடம் கொடுத்தேன்.

என்னைக் கேட்காமலே என் கூறைச்சேலையைக் கிழித்திருக்கிறீர்கள். அந்தத் தொட்டிலை மட்டும் அவிழ்க்கவில்லை. அது இருக்கட்டும். பூவைப் பறிக்காதீர்கள்.

உங்கள் மூத்த மகள்