சரோஜா அக்காவின் குரல்

மார்ச் 4, செவ்வாய்

விடியும்போதே மழை. சிம்பாங் பூலாய் ரோட்டுல ஜாம். ஆபீஸ் லேட். நோன்பு மாசம், பேன்ட்ரி காலி. தனியா கோப்பி குடிக்கக் கூச்சம்.

தமிழ்ல போன் எடுக்கப்போற ஏஐ மெஷின் திங்கள்கிழமை ஆரம்பம். இன்சூரன்ஸ் கிளைம் கேட்டு வர்ற போனுக்கெல்லாம் இனி அதுதான் பதில் சொல்லும். டேட்டா, ஏஐ எல்லாம் என் பொறுப்பு. நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஓடும். அதுக்கு முன்னால மெஷினை ஓடவிட்டுக் கேட்டேன்.

"சொல்லுங்கம்மா, என்ன ஆச்சு?"

சரோஜா அக்கா குரல்! போன வருஷம் ரிட்டயர் ஆனவங்க. தமிழ் போன் செக்‌ஷன்ல நான் இருந்தப்ப பக்கத்து மேசை.

மெஷினைச் செஞ்சது பைசால் டீம். அவனைக் கேட்டேன். பழைய ரெக்கார்டிங்ல இருந்து குரலை எடுத்தாங்களாம். அக்காகிட்ட கேட்டீங்களா? தலையைச் சொறிஞ்சான்.

மார்ச் 5, சாம்பல் புதன்

சர்ச்சுல பூசின சாம்பல் நெத்தியிலயே இருக்க, வீடியோ மீட்டிங். கே.எல். ஹெட் ஆபீஸ்ல இருந்து எங்க டைரக்டர் மிஸ்டர் லோ.

"ரெக்கார்டிங் கம்பெனியோடது. பயிற்சிக்காகப் பதிவு செய்றோம்னு போன்லயே சொல்றோமே."

"அது ஆளுங்களுக்குப் பயிற்சி. அவங்க குரலை மெஷினுக்குக் குடுக்க இல்ல."

"இதுக்காக திங்கள்கிழமையை நிறுத்தப் போறியா?"

"ஆமா."

அந்த 'ஆமா' எங்கிருந்து வந்துச்சோ. கடைசியில, அந்தம்மா சம்மதிச்சா ஓடட்டும், வெள்ளிக்குள்ள பதில் சொல்லுன்னார்.

பால் வாங்க மறந்துட்டேன்.

மார்ச் 6, வியாழன்

லகாட். அக்கா வீடு. கதவைத் திறந்து "வாம்மா"ன்னாங்க. தைராய்டு ஆபரேஷனாம். குரல் போயிருச்சு. கரகரன்னு வெறும் காத்து.

லேப்டாப்ல மெஷினைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாங்க. சிரிச்சாங்க கூட. அடுத்தது வந்துச்சு: "உங்கள் கிளைம் நிராகரிக்கப்பட்டது. நன்றி." டொக்னு லைன் கட்.

சிரிப்பு நின்னுருச்சு.

"நான் இப்படிச் சொன்னதே இல்லலா, ஸ்டெல்லா. சொல்லிட்டு, அவங்களா போனை வைக்கிற வரைக்கும் இருப்பேன். அழுதாலும் இருப்பேன்."

"வேணாம்னா வேணாம்தான்க்கா. நான் பாத்துக்கிறேன்."

"மெஷினுக்கு வேணாம். அந்தப் பழைய ரெக்கார்டிங்கை எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு."

சரின்னுட்டு வந்துட்டேன். கார்ல வரும்போதுதான் உறைச்சுச்சு. ரெக்கார்டிங் பூரா வாடிக்கையாளர் பேரு, நோய், அடையாள அட்டை நம்பர். வெளிய குடுக்கக் கூடாதுன்னு விதி எழுதினதே நான்தான்.

இருந்தாலும் குடுப்பேன். விதிப்படியே குடுப்பேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில மிஸ்டர் லோவுக்குப் போன். சம்மதம் இல்ல, கையெழுத்தும் இல்லன்னேன். அவர், "உன் மேல ரிப்போர்ட் எழுதுவேன்."

எழுதட்டும். அவர் எழுதுறதுக்குள்ள நானே, அவருக்கும் மேல இருக்கிற ரிஸ்க் கமிட்டிக்கு நேரா எழுதிட்டேன். அனுப்பிட்டு பாத்ரூம்ல போய் முகம் கழுவினேன்.

மதியம் பதில். தமிழ் மெஷின் நிறுத்தம். குரலை அழிக்கணும். அந்த ஆளே சம்மதம்னு எழுதிக் குடுக்காம இனி யார் குரலும் எடுக்கக் கூடாது. தமிழ் செக்‌ஷன் பிள்ளைங்களே போன் எடுப்பாங்க. லோவோட ரிப்போர்ட்டால எனக்கு இந்த வருஷ போனஸ் சந்தேகம்தான்.

பைசால் என் முன்னாலேயே மெஷின் குரலை அழிச்சான். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பழைய ரெக்கார்டிங்ல அக்கா மட்டும் பேசுற துண்டுகளைத் தேடினோம். யார் பேரும் இல்லாதது, நோய் இல்லாதது. சட்டப் பிரிவும் கேட்டுட்டு ஓக்கே சொல்லிருச்சு. நோன்பு திறக்கிற நேரம் வரைக்கும் இருந்தான் பைசால். எனக்கும் ஒரு பேரீச்சம்பழம்.

மார்ச் 8, சனி

நல்ல வெயில். ரோட் டேக்ஸ் கட்டணும், மறக்கக் கூடாது.

லகாட். அந்தத் துண்டுகள் இருந்த பென்டிரைவை அக்கா டிவியில சொருகினாங்க. சத்தத்தைக் கூட்டி வச்சுட்டாங்க போல, வீடே அதிருது.

"அழாதீங்கம்மா. நான் லைன்லதான் இருக்கேன்."

வீட்டுக்குப் பின்னால துணி காயப்போட்டுட்டு இருந்த அவங்க வீட்டுக்காரர் கத்தினார்: "சரோ! குரல் வந்துருச்சா?"

அக்கா வாயைத் திறந்தாங்க. இப்ப இருக்கிற குரல் அவ்வளவு தூரம் எட்டாது. டிவியை நிறுத்திட்டு, எழுந்து அவர்கிட்ட போனாங்க.