மேகம் ஏறிய ஜீப்

என் ஜீப்புக்கார மாமாவுக்கு,

புத்தகம் வந்துவிட்டது. நலமா சுகமா என்று ஆரம்பித்தால் "விசயத்துக்கு வா புள்ள" என்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். அட்டையில் ஒரு ஜீப். அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு குட்டி மேகம் எட்டிப் பார்க்கிறது. கீழே என் பெயர்.

முந்தாநாள் தபால்காரர் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குத் தையல் ஓடவில்லை. ஜாக்கெட் வாங்க வருகிறவர்களிடம் ஜாக்கெட்டுக்கு முன்னால் புத்தகத்தைத்தான் நீட்டுகிறேன். இவளுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது என்று மஞ்சக்குட்டை ஊர் முழுக்கப் பேச்சு. பேசட்டும்.

நான் கதை எழுதக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் எது என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். ஏற்காட்டுக்குப் போகிற ஷேர் ஜீப் என்றேன். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நீங்களே சொல்லுங்கள், அது பொய்யா? மெஷினில் உட்கார்ந்தபடி நான் யோசித்து எழுதும் கதையைக் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டிக்கொண்டே சொல்வீர்கள். பள்ளிக்கூட வாசல் வரும்போது கதையைப் பாதியில் நிறுத்துவீர்கள். "அப்புறம்?" என்று கேட்டுப் பிள்ளைகள் இறங்க மறுத்தால் கதை பாஸ். பையைத் தூக்கிக்கொண்டு குதித்து ஓடினால் ஃபெயில். சாயங்காலம் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்.

என் முதல் கதை 'ஆகவே குழந்தைகளே' என்று முடிந்ததே, நினைவிருக்கிறதா? "ஆகவேன்னு நான் வாயத் தொறந்தனோ இல்லியோ, பைய எடுத்து மாட்டிக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று உங்களுக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. நீங்களும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து போனீர்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு கதையிலும் ஆகவே போட்டதில்லை.

உங்களிடமும் ஒரு வியாதி இருந்தது. எந்தக் கதையைக் கொடுத்தாலும் அதில் ஒரு ஜீப்பை நுழைத்துவிடுவீர்கள். நரிக் கதையில் ஜீப், ராஜா கதையில் ஜீப். பத்திரிகைகளுக்கு அனுப்பும்போது நான் ஒவ்வொன்றையும் வெட்டி எடுப்பேன். கதைகள் என்னவோ போன வேகத்தில் திரும்பி வந்தன. "ஜீப்பு இருந்திருந்தா வந்திருக்காது" என்பீர்கள்.

கடைசியாகச் சொன்னது அந்தக் குட்டி மேகக் கதை. தண்ணீர் குடிக்க ஏரிக்கு இறங்கிய குட்டி மேகம், அம்மா மேகத்தைத் தவறவிட்டுவிடுகிறது. அம்மா இருப்பது சேர்வராயன் கோயில் உச்சியில். நான் எழுதியதில் அது மரத்திடமும் குரங்கிடமும் வழி கேட்டுக் கேட்டுப் போகும். நீங்கள் அதைத் தூக்கி ஜீப்பில் உட்கார வைத்தீர்கள். அதில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் சீட்டில் தண்ணி கொட்டியது யார் என்று சண்டை போட்டார்களாம். வெள்ளிக்கிழமை, கதையில் வண்டி மலையேற்றத்தில் நின்றுபோன இடத்தில் நிறுத்தி, மிச்சம் திங்கட்கிழமை என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை.

அதன்பின் பல மாதம் நான் பேனாவைத் தொடவில்லை. உங்கள் வண்டியை என் தம்பி ஓட்ட ஆரம்பித்தான். அவனுக்குக் கதை சொல்ல வராது, ஹாரன் அடிக்கத்தான் வரும். பிள்ளைகள் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் மேகம் வீட்டுக்குப் போய்விட்டதா என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே எழுதினேன். வண்டி தானாகக் கிளம்பி, மேகத்தை உச்சியில் இறக்கிவிட்டதாக முடித்துச் சென்னைக்கு அனுப்பினேன். முதல்முறையாக நானே ஜீப்பை உள்ளே விட்டேன், மாமா.

பதிப்பகத்து ஆசிரியரம்மா போனில் கூப்பிட்டார்கள். கதை பிடித்திருக்கிறதாம், புத்தகமாகவே போடலாமாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த பேச்சிலேயே இறக்கிவிட்டார்கள். "ஜீப்தான் எல்லாத்தையும் செய்யுது, குழந்தைங்க சும்மா உக்காந்து வராங்க. ஜீப்ப எடுத்துட்டு எழுதித் தர முடியுமா? இப்படியே போட முடியாதும்மா."

நானே எத்தனை ஜீப்பை வெட்டியவள்! இதை வெட்டக் கை வரவில்லை. இதை எடுத்துவிட்டால் நீங்கள் இரண்டாவது தடவையும் போய்விடுவீர்கள் என்று இருந்தது. புத்தகம் வேண்டும், ஜீப்பும் வேண்டும். அந்த வாரம் நான் யாரிடமும் நன்றாகப் பேசவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன்.

ஒரு நாள் காலை வாசல் முழுக்க மூடுபனி. குளிர் காலத்தில் உங்கள் ஜீப் என்றைக்குச் சாவி போட்டதும் கிளம்பியது? வழக்கம்போலப் பிள்ளைகள் இறங்கி, பைகளை உள்ளே வீசிவிட்டு, ஓவென்று கத்திக்கொண்டு வண்டியைச் சரிவு வரை தள்ளிப் போனார்கள். நான் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்த்த காட்சிதான். அன்றுதான் உறைத்தது.

வாளியை வைத்துவிட்டு ஓடினேன். தள்ளிய பிள்ளைகளில் பின்சக்கரத்துச் சேறு முகத்தில் தெறித்து நின்ற காவ்யாவைப் பிடித்து, மேகத்தை ஏற்றிய ஜீப் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"தள்ளோணுமுங்க அத்தை. வேறென்ன பண்றது? மாமாவே அன்னிக்கு எங்களப் பாத்து, திங்கக்கெழமை நீங்கதான் சாமி மிச்சத்தச் சொல்லோணும்னு சொன்னாருங்க."

இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலியேங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் தாவி ஏறிவிட்டாள்.

அன்றே எழுதி முடித்தேன். பிள்ளைகள் தள்ளுகிறார்கள், மேகமும் இறங்கித் தள்ளுகிறது. அது தள்ளத் தள்ள வண்டி நனைகிறதே தவிர நகரவில்லை, எல்லோருக்கும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே தள்ளி உச்சிக்குப் போய்விடுகிறார்கள். ஆசிரியரம்மா படித்துவிட்டு, இந்த ஜீப்பை யாரும் எடுக்க முடியாது என்றார்கள். நான் போனை வைத்துவிட்டு உங்கள் படத்தைப் பார்த்து, "செரி, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றேன். கொஞ்சம் அழுதேன். நொம்ப இல்லை.

இன்று காலை புத்தகத்தோடு ஜீப்பில் ஏறினேன். முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, வளைவுகளில் ஆடி ஆடி வாசித்தேன். தம்பி ஹாரன் அடிக்காமல் ஓட்டினான், அதுவே பெரிய மரியாதை. பள்ளிக்கூட வாசலுக்குச் சற்று முன்னாலேயே கதை முடிந்துவிட்டது. முழுக்கச் சொல்லி முடித்த கதை, இனி யார் உட்காருவார்கள் என்று புத்தகத்தை மூடினேன்.

யாரும் பையைத் தொடவில்லை, மாமா.

பின்னால் இருந்த ஒரு பொடிசு, உங்கள் கதையைக் கேட்டே இராதவள், கையைத் தூக்கினாள். "ஏனுங்க அத்தை, மேகம் அதோட ஊட்டுக்குப் போயிருச்சு, செரி. ஜீப்பு எப்புடிங்க திரும்பி வந்துச்சு?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஜீப் உச்சியிலேயே நிற்கிறது. மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன் என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் கண்ணு என்று கெஞ்சித்தான் இறக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தைக்க இருந்த துணியை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உச்சிக்குப் போன ஜீப்பை நான் கீழே கொண்டுவந்துவிடுவேன், மாமா. வழியில் நின்றால் தள்ளுவதற்குத்தான் ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்களே.

இனி உங்கள் ரசத்தில் உப்புக் குறைக்காத,
உங்கள் பொண்டாட்டி
சரோஜா