இன்னும் ஒரு பட்டாலியன்

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் மாமாவோடு மறுபடியும் சண்டை. சண்டை என்று சொல்லக்கூடாது. அவர் குரலை உயர்த்தவில்லை. நான்தான் கரண்டியை நங்கென்று வைத்தேன்.

என் கணவர் பூவரசன் அமைதிப்படையில் வண்டி ஓட்டுகிற ஆப்பிரிக்க நாட்டுக்கு ஐ.நா. இன்னும் படை அனுப்பலாமா என்று பேசுகிறார்களாம். நம்மிடமும் ஒரு பட்டாலியன் கேட்டிருக்கிறார்களாம். டிவியில் அதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பவே அனுப்பியிருக்கணும். ஆள் பத்தாமத்தான் இழுத்துக்கிட்டே கெடக்கு. இன்னும் ஒரு பட்டாலியன் எறக்கினா தன்னால அடங்கிடும்."

"யாரு மாமா அடங்குவாங்க? அடிச்சுக்கறது அந்த ஊர்க்காரங்க. நம்ம ஆளுங்க நடுவுல நிக்கறாங்க. நடுவுல நிக்கற கூட்டம் பெருசானா சண்டை நின்னுடுமா?"

"பாதியில விட்டா நிக்கவே நிக்காது. இலங்கையில எங்களை அப்படித்தான் பாதியில கூப்ட்டுக்கிட்டாங்க."

மாமனார் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பூவரசன் கைக்குழந்தையாக இருந்தபோது இலங்கையில் இருந்தார். அதைப்பற்றி இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. இதையேதான் ஆசாத் பாய் டீக்கடையிலும் தினம் சொல்கிறார்.

மார்ச் கடைசியில் பூவரசன் வந்துவிடுவார். எனக்கு அது போதும். ஐ.நா. என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

பிப்ரவரி 5, புதன்

ஸ்கேன் சென்டரில் நல்ல கூட்டம். தில்லை நகர் முழுக்க இன்றைக்கு இங்கேதான். சாப்பிடும்போது ஹாஜிராவிடம் மாமா சொன்னதைச் சொல்லிப் புலம்பினேன். ரிசப்ஷனில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவள்.

"நீங்க வேணாங்கறீங்க, அவர் வேணுங்கறாரு. அந்த ஊர்ப் பொம்பளைங்க என்ன சொல்றாங்களாம்க்கா?" என்றாள்.

எரிச்சலாக வந்தது. எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

பிப்ரவரி 11, செவ்வாய்

பூவரசன் போன் பண்ணினார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"பானு, ஒரு விஷயம். புது பட்டாலியன் வந்தா, ரோடு தெரிஞ்ச டிரைவருங்க கொஞ்ச பேரு ஜூலை வரைக்கும் கூட இருக்கணும்கறாங்க. இஷ்டப்பட்டவங்க பேர் கொடுக்கலாம். நீ என்ன சொல்றே?"

"வேண்டாம்."

"கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. வேண்டாம்."

மாமா கை நீட்டினார். கொடுத்தேன். "இருந்துட்டு வா. ரோடு தெரியாம புதுசா வர்றவன் மாட்டிக்குவான்" என்றார். என் எதிரிலேயே!

இருக்கச் சொல்ல இவர் யார்? — அப்பா. நான் யார்?

பிப்ரவரி 14, வெள்ளி

மத்தியானம் ஹாஜிரா அவள் போனை என் முன்னால் வைத்தாள். ஐ.நா. முகாம் மீது தாக்குதல். இந்திய வீரர்கள் இருவர் காயம். பெயர் போடவில்லை.

எப்படி பஸ் ஏறினேன், காவிரிப் பாலத்தை எப்போது கடந்தேன், தெரியாது. மாமா தெருமுனையிலேயே நின்றிருந்தார். செருப்பு போட்டிருக்கவில்லை. "தெரிஞ்சவங்க யாரும் போனை எடுக்கல" என்றார்.

பிப்ரவரி 15, சனி

போன் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்னும் இல்லை. இட்லி ஊற்றினேன், இரண்டு பேரும் தொடவில்லை. அப்போதுதான் மாமா, நான் கேட்காமலே, பேச ஆரம்பித்தார்.

"மொதல்ல கொஞ்ச பேருதான் போனோம். பத்தலன்னு இன்னும் வந்தாங்க. அப்புறம் இன்னும். ஒவ்வொரு தடவை ஆள் வந்தப்பவும் ரோட்டுல ஒரு செக்போஸ்ட் கூடுச்சு. வவுனியா பக்கம் எனக்கு டூட்டி. தமிழ் தெரியும்னு என்னையத்தான் நிறுத்துவாங்க. ஒரு அம்மா தினம் அந்த வழியா வரும். தினம் பையைத் தொறந்து காட்டும். ஒருநாள் காட்டிட்டு நின்னு, 'நீங்கள் எத்தினை பேர் வந்தாலும் எங்கட வளவுக்குள்ளதானே நிக்க வேணும்?'னு கேட்டுச்சு."

வீட்டைச் சுற்றி இருக்கிற இடத்தை அங்கே வளவு என்பார்களாம்.

"வடக்கத்திக்காரன் நின்னிருந்தா புரியாமப் போயிருக்கும். எனக்குப் புரிஞ்சு தொலைச்சுது."

"அப்புறம் ஏன் மாமா இன்னும் ஆள் அனுப்பணும் அனுப்பணும்கறீங்க?"

தட்டைத் தள்ளி வைத்தார். "என்கூட வந்தவன் ஒருத்தன் அங்கேயே போய்ச் சேந்துட்டான், நல்ல பையன். இன்னும் கொஞ்சம் ஆளிருந்தா முடிச்சிருப்போம்னு சொன்னாத்தான் மனசு கேக்குது. வேற என்னத்த சொல்றது?"

எழுந்து போனவர் திரும்பிப் பார்த்து, "அவன் பேசினா வந்துடச் சொல்லும்மா" என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

பேசிவிட்டார். உயிரோடு இருக்கிறார். ஒரு கீறல் இல்லை. அடிபட்ட இரண்டு பேரையும் இவர்தான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம்.

அழுது முடித்ததும் கேட்டேன், எப்போ வர்றீங்க?

"பானு, சுட ஆரம்பிச்சதும் ஊர்ச் சனமே எங்க முகாம் கேட்டுக்கு வந்துடுச்சு. தொறந்து விட்டோம். உள்ள எடமே இல்ல. லாரிக்கு அடியிலெல்லாம் புள்ளைங்க தூங்குது. வண்டியை எடுக்கறதுக்கு முன்னால குனிஞ்சு குனிஞ்சு பாக்கறேன்."

மாமா சொன்ன அந்த அம்மாவின் கேள்வியைச் சொன்னேன்.

"இங்க அவங்கதானே எங்க வளவுக்குள்ள வந்து நிக்கறாங்க."

"இன்னும் ஆள் வந்தா சண்டை முடிஞ்சிடுமா? உண்மையைச் சொல்லுங்க."

"முடியாது."

"அப்புறம் எதுக்கு?"

"இப்ப இருக்கற ஆளை வெச்சு கேட்டைக் காக்க முடியல. அதுக்கு."

அவர் சொன்ன விதத்தில் எனக்குத் திடீரென்று பிடிபட்டது. "பேரை எப்போ கொடுத்தீங்க?"

"பானு, அது வந்து..."

"எப்போ?"

"பத்தாம் தேதி."

என்னைக் கேட்டது பதினொன்று. போனை வைத்துவிட்டேன். குரலை மட்டும் கேட்டால் போதும் ரங்கநாதா என்று அத்தனை வேண்டிக்கொண்டவள், நானே வைத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

"சாப்பிட்டீங்களா" என்று மட்டும் அனுப்பினேன். அதற்கு மேல் முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

முடிவாகிவிட்டது. பட்டாலியன் போகிறது. டீக்கடையில் எல்லோரும் மாமாவிடம், "நீங்க சொன்னபடியே ஆயிடுச்சே!" என்றார்களாம். டீ குடிக்காமல் வந்துவிட்டார்.

"ராத்திரி கண்ணை மூடினா அவன் லாரிக்கு அடியில குனியறான்" என்றார். எனக்கும் அதே. ஆனால் அவர் இடத்தில், குனியாமல் வண்டியை எடுக்கிற யாரோ ஒருவர் அங்கே இருந்தால்? அதையும் நினைக்கிறேன். நினைக்கக்கூடாது என்றுதான் பார்க்கிறேன்.

மே 21, புதன்

முகாமைச் சுற்றி அமைதியாம். கொஞ்சம் சனம் ஊர் திரும்பி விதைக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்களாம். சண்டை வடக்கே நகர்ந்துவிட்டது. அங்கே முகாமும் இல்லை, கேட்டைத் திறக்க ஆளும் இல்லை. அங்கேயும் படை வேண்டும் என்று பேச்சு ஆரம்பித்திருக்கிறது.

ஹாஜிரா கேட்டாள்: "அப்போ நீங்க சொன்னது சரியாக்கா, அவரு சொன்னது சரியா?"

கம்ப்யூட்டரைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பூவரசன் வந்து மூன்று நாள் ஆகிறது. இளைத்திருக்கிறார். தூங்குகிறார், சாப்பிடுகிறார், கேட்டால் சிரிக்கிறார்.

காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கு மூன்று பேரும் நடந்தே போனோம். வழியில் ஆசாத் பாய் கடையை விட்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி வந்தாச்சா! அப்போ அங்க சண்டை முடிஞ்சுதுன்னு சொல்லுங்க!"

பூவரசன் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "முடியல பாய். இவன் வந்துட்டான். அவ்வளவுதான்."

படித்துறையில் கால் வைக்க இடமில்லை. பூஜை முடித்து, மஞ்சள் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டினேன். பக்கத்தில் குழந்தைகள் தண்ணீரை அடித்துக் கூச்சல் போட்டன. அவர் பார்வை அந்தப் பக்கமே இருந்தது.

"அடுத்த தடவை கேட்டுட்டுப் பேர் கொடுங்க" என்றேன். பிப்ரவரியிலிருந்து சொல்ல நினைத்தது.

"கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவே?"

"ஆமா. அப்பவும் கேளுங்க."

தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை. வடக்கே போக ஆள் கேட்கிறார்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முடிச்சை இன்னொரு தடவை போட்டேன்.