கடைத்தெருவில் கேட்க வேண்டிய மன்னிப்பு

1947 பிப்ரவரி 14, வெள்ளி.

என்னை அநியாயமாகக் கைது செய்த சப்-இன்ஸ்பெக்டர் மேல் நான் போட்ட வழக்கு திங்களன்று முன்சீப் கோர்ட்டில் விசாரணைக்கு வருகிறது. இன்று மாலை அவருக்காகத் தூது வந்தவர் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன்.

"வீட்டுக்கே வந்து மன்னிப்பு கேக்கறேன்றாரு, மாப்ளே. கேஸை வாபஸ் வாங்கிடுங்க."

"விலங்கை வீட்லயா போட்டாரு, பாவா? கடைத்தெருவில, என்கிட்ட படிக்கிற பசங்க பாக்க இட்டுகினு போனாரு. அங்க வந்து கேக்கச் சொல்லுங்க."

ஆடிக் கிருத்திகையன்று மலையில் நகை திருடியவன் மொட்டைத் தலையன் என்று யாரோ சொன்னார்களாம். அன்று மலையில் முடியுள்ள தலையைத் தேடுவதுதான் கஷ்டம். நானும் முடி காணிக்கை கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் லாக்கப்பில் வைத்திருந்து, ஆள் மாறிவிட்டது, போகலாம் என்றார்.

"மொட்டைதான் அடையாளம்னா பழனியாண்டியையும் உள்ள வெச்சிருக்கணும்" என்றேன். பாவா சிரித்தார். செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

"நமக்குள்ள கேக்கறேன். நீங்க எடுக்கலதானே?"

மன்னிப்பைச் சுமந்து வந்தவருக்கே அது போதவில்லை. ஊருக்கு எப்படிப் போதும்?

வழக்கில் நான் ஜெயிப்பேன். வக்கீலுக்கும் அதில் சந்தேகமில்லை. தீர்ப்பு வாசிக்கும் நாளில் பாவாவை நானே கூட்டிப்போய் முன் பெஞ்சில் உட்கார வைப்பேன்.